கடைமடைக்கும் ஒளி எட்ட வேண்டும்: சங்கிலி ஃபைபர் வலையில் சமமற்ற கப்ளர்களைக் கணக்கிட்டு வைக்கும் முறை

வீடுகள் ஒரே சாலையின் ஓரமாக நீண்டு கிடக்கும் இடங்களில், ஒரு மையப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி ஃபைபர் இழுப்பது வீண் செலவு. அத்தகைய இடங்களில் ஒரே ஃபைபரை முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை கொண்டுசென்று, வழியில் உள்ள ஒவ்வொரு பெட்டியிலும் ஒளியில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அடுத்த பெட்டிக்கு விடுவதே சங்கிலி முறை. இதற்குச் சமமாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரைப் பயன்படுத்தினால் முதல் பெட்டிக்குப் பாதி, இரண்டாவதற்குக் கால், மூன்றாவதற்கு அரைக்கால் என்று ஒளி கரைந்துகொண்டே போய், ஏழாவது பெட்டியை அடையும்போது 128இல் ஒரு பங்குதான் மிஞ்சும். தலைமடைக்காரர் வாய்க்காலில் பாதியை மடக்கிக்கொண்டால் கடைமடை காய்வதைப் போன்றதுதான் இது. ஆகவே முன்னால் உள்ள பெட்டிகள் குறைவான பங்கையும், பின்னால் போகப்போக உள்ள பெட்டிகள் கூடுதல் பங்கையும் எடுக்கும்படி சமமற்ற கப்ளர்களை, அதாவது ஒளியை இரண்டு வெவ்வேறு அளவுப் பங்குகளாகப் பிரிக்கும் கருவிகளை, வைக்கிறோம்.

எட்டுப் பெட்டிகள் என்றால், இழப்பே இல்லாத நிலையில் முதல் பெட்டி எட்டில் ஒரு பங்கையும், இரண்டாவது பெட்டி தன்னிடம் வந்ததில் ஏழில் ஒரு பங்கையும், மூன்றாவது ஆறில் ஒரு பங்கையும் எடுத்தால் எல்லோருக்கும் ஒரே அளவு கிடைக்கும். ஏழாவது பெட்டி பாதியை எடுக்கும். எட்டாவது பெட்டிக்குக் கப்ளரே தேவையில்லை. கப்ளரிலும் ஸ்பிளைஸிலும் (இரு ஃபைபர்களை ஒட்டும் இடம்) ஏற்படும் இழப்பு இந்தக் கணக்கைச் சற்றே நகர்த்தும். எடுக்க வேண்டிய பங்கு மேலே சொன்னதைவிடக் கொஞ்சம் குறையும்.

கணக்கைத் தொடங்கும் முன் கப்ளர்களின் இழப்பு மதிப்புகள் கையில் இருக்க வேண்டும். கப்ளரில் ஒளி பிரிந்து வெளியேறும் முனைகளைக் கால்கள் என்போம். 10 சதவீதக் கால் என்றால் கோட்பாட்டுப்படி 10 டெசிபெல் (ஒளி எத்தனை மடங்கு குறைகிறது என்பதைச் சொல்லும் மடக்கை அலகு) இழப்பு. ஆனால் உற்பத்தியில் வரும் கூடுதல் இழப்பையும் சேர்த்து 11 என்று வைத்துக்கொள்வதே நல்லது. நான் திட்டமிடும்போது எடுத்துக்கொள்ளும் மதிப்புகள் இவை: 10/90 கப்ளரில் சிறிய காலுக்கு 11.0, பெரிய காலுக்கு 0.7; இதே வரிசையில் 15/85இல் 9.2, 1.0; 20/80இல் 7.7, 1.3; 30/70இல் 5.8, 1.9; 50/50இல் இரு கால்களுக்கும் 3.5 டெசிபெல். வாங்கிய கப்ளருடன் வரும் சோதனைத் தாளில் வேறு மதிப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

வீடுகளிலிருந்து திரும்பி வரும் ஒளியைப் பற்றிப் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. கப்ளரில் இழப்பு இரு திசைகளிலும் ஒன்றே. 10 சதவீதக் காலின் வழியாக மேலே வரும் ஒளியும் அதே 11 டெசிபெலை இழந்துதான் பிரதான ஃபைபரை அடையும். ஒளி "சேர்வதால்" இழப்பு இருக்காது என்று எண்ணிக் கீழ்நோக்கிய திசைக்கு மட்டும் கணக்குப் போட்டால், வீட்டுக் கருவிக்குப் போதிய ஒளி கிடைத்தும், ஓஎல்டியில் (சேவை நிலையத்தில் உள்ள தலைமைக் கருவி) அந்தக் கருவி பதிவாகாத நிலை ஏற்படக்கூடும்.

ஒரே ஃபைபரைப் பல வீடுகள் பகிரும் ஜிபான் வலையில் பி பிளஸ் வகை ஓஎல்டி மாட்யூலின் வெளியீடு 1.5 முதல் 5 டிபிஎம் (ஒளியின் வலுவைச் சொல்லும் அலகு) வரை இருக்கும். வீட்டுக் கருவியான ஓஎன்யு மைனஸ் 27 டிபிஎம் வரை உணரும். மைனஸ் 8ஐ விட வலுவான ஒளி அதைத் திணறடிக்கும். மொத்தத்தில் பாதை இழப்பு 13க்குக் குறையாமலும் 28 டெசிபெலைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். 28 வரை முழுவதையும் திட்டத்திலேயே செலவழித்துவிடாமல், பிற்காலத்தில் கேபிள் அறுந்து ஒட்டுப்போடுவதற்கும் கனெக்டரில் அழுக்குப் படிவதற்கும் குறைந்தது 3 டெசிபெலாவது ஒதுக்கி வையுங்கள்.

இனி ஒரு முழு எடுத்துக்காட்டு. எட்டுப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 1:4 பிஎல்சி ஸ்பிளிட்டர் (ஒளியை நான்காகச் சமமாகப் பிரிக்கும் சில்லு) வைத்து மொத்தம் 32 வீடுகள். 1:4க்கு 7.3 டெசிபெலும், பெட்டியிலிருந்து வீட்டுக்குச் செல்லும் ட்ராப் கேபிளுக்கும் அதன் கனெக்டர்களுக்கும் 1.0 டெசிபெலும் சேர்த்தால் பெட்டிக்குள் நுழைந்த பிறகான வீட்டுச் செலவு 8.3. அடுத்தடுத்த பெட்டிகளுக்கு இடையே 300 மீட்டர் ஃபைபரும் இரண்டு ஸ்பிளைஸும் இருப்பதாகக் கொண்டு 0.3 டெசிபெல் வைக்கலாம்.

கணக்கைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் போட வேண்டும். இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். எட்டாவது பெட்டியின் வாயிலில் நின்று பார்த்தால் தேவை, அதாவது அங்கிருந்து வீடு வரை ஈடுகட்ட வேண்டிய இழப்பு, 8.3. ஏழாவது பெட்டியில் 50/50 வைத்தால், தன் வீடுகளுக்கு 3.5 கூட்டல் 8.3, அதாவது 11.8; அடுத்த பெட்டிக்கு 3.5, 0.3, 8.3 சேர்த்து 12.1. இரண்டில் பெரியதான 12.1தான் ஏழாவது பெட்டியின் தேவை. ஆறாவதில் 30/70: தன் வீடுகளுக்கு 14.1, அப்பால் 14.3, எனவே தேவை 14.3. ஐந்தாவதில் 20/80: 16.0, 15.9; தேவை 16.0. நான்காவதில் 15/85: 17.5, 17.3, தேவை 17.5. இரு கால்களின் தேவையும் ஏறத்தாழ ஒன்றாக வரும் விகிதமே அந்தப் பெட்டிக்கு உரிய விகிதம் என்பது இங்கே புலப்படும்.

மூன்றாவதில் பழக்கதோஷத்தில் 10/90க்குக் கை போகும். ஆனால் அதில் தேவை 19.3 ஆகிவிடுகிறது, 15/85இல் 18.8தான். எனவே அங்கும் 15/85 வைக்கிறோம். இரண்டாவதிலும் முதலாவதிலும் 10/90. தேவை முறையே 19.8, 20.8. ஓஎல்டியிலிருந்து முதல் பெட்டி வரை 3 கிலோமீட்டர் ஃபைபர் என்றால், கிலோமீட்டருக்கு 0.35 வீதமும் இடைப்பட்ட கனெக்டர்களுக்கு 1.5உம் சேர்த்து சுமார் 2.6 டெசிபெல். 0.35 என்பது வீட்டிலிருந்து மேலே வரும் 1310 நானோமீட்டர் அலைக்கு உரிய இழப்பு. கீழே வரும் 1490 அலைக்கு இழப்பு இதைவிடக் குறைவு என்பதால், பாதகமான மதிப்பையே இரண்டுக்கும் வைத்துக்கொள்கிறோம். மொத்தம் 23.4, கையிருப்பு 4.6 டெசிபெல். ஓஎல்டி 3 டிபிஎம் அனுப்பினால் 32 வீடுகளிலும் அளவு மைனஸ் 18.9க்கும் மைனஸ் 20.4க்கும் இடையில் அடங்கிவிடும்.

இதே வலையில் வாங்குவதற்கு எளிது என்று ஏழு பெட்டிகளிலும் 10/90ஐயே வைத்தால் என்ன ஆகும்? எட்டாவது பெட்டியின் வீடுகளுக்கு மைனஸ் 14.9 என்று ஒளி தாராளமாகக் கிடைக்கும். ஏழாவது பெட்டியின் வீடுகளோ மைனஸ் 24.9இல், 27.9 டெசிபெல் இழப்புடன், எல்லையின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும்.

பொருத்தும்போது நேரும் மிகப் பெரிய தவறு கால்களை மாற்றி இணைப்பது. எந்த நிறம் எந்தக் கால் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால் நிறத்தை நம்பாமல், ஒவ்வொரு கப்ளரையும் பெட்டிக்குள் வைப்பதற்கு முன்பே ஒளி மூலத்தையும் பவர் மீட்டரையும் கொண்டு அளந்து, சிறிய காலில் விகிதத்தை எழுதிய சீட்டை ஒட்டிவிடுங்கள். முதல் பெட்டியில் கால்கள் மாறிவிட்டால் அந்தப் பெட்டியின் வீடுகளில் மைனஸ் 8.6 என்று வரம்பை உரசும் அளவும், மற்ற எல்லா வீடுகளிலும் 10.3 டெசிபெல் குறைந்து மைனஸ் 30ஐ ஒட்டிய அளவும் தெரியும். ஒரு பெட்டியில் ஒளி கொட்ட, அதற்கு அப்பால் எல்லாம் இருண்டுபோனால் வேறு காரணம் தேடாமல் முதலில் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

முழு வலையையும் இணைத்து முடித்த பிறகு கடைசியில் அளப்பதைவிட, ஒவ்வொரு பெட்டியாக நகர்ந்து, உள்ளே வரும் அளவை 1490 நானோமீட்டரில் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவதே மேல். மேற்கண்ட வலையில் உள்வரும் அளவுகள் முதல் பெட்டியிலிருந்து வரிசையாக 0.4, மைனஸ் 0.6, மைனஸ் 1.6, மைனஸ் 2.9, மைனஸ் 4.2, மைனஸ் 5.8, மைனஸ் 8.0, மைனஸ் 11.8 டிபிஎம் என்று இருக்க வேண்டும். இந்த எண்களைப் பெட்டி மூடியின் உட்புறத்திலேயே எழுதி வைத்தால், ஆண்டுகள் கழித்துப் பழுது பார்க்க வருபவருக்கு வரைபடம் தேவைப்படாது. ஒரு டெசிபெலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அங்கேயே நின்று ஸ்பிளைஸை மறுபடி போடுங்கள். அதை அப்படியே விட்டால் பின்னால் உள்ள அத்தனை பெட்டிகளும் அதன் பாரத்தைச் சுமக்கும். ஓஎல்டிப் பக்கத்திலிருந்து ஓடிடிஆர் (ஒளித் துடிப்பை அனுப்பித் திரும்பி வருவதைக் கொண்டு பழுதின் இடத்தைக் காட்டும் கருவி) போட்டால் எல்லாக் கிளைகளிலிருந்தும் திரும்பும் ஒளி ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் படம் குழப்பும். சந்தேகத்துக்குரிய வீட்டின் பக்கத்திலிருந்து, வலை இயங்கிக்கொண்டிருந்தால் 1625 அல்லது 1650 நானோமீட்டரில், மேல்நோக்கிப் பார்ப்பது தெளிவு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது அலைநீளம். ஃபைபர்களை உருக்கி இணைத்துச் செய்யும் எஃப்பிடி கப்ளர்களில் பிரிக்கும் விகிதம் அலைநீளத்தைப் பொறுத்து மாறும். 1310, 1550 இரண்டுக்கு மட்டும் செய்யப்பட்டதை ஜிபானில் வைத்தால் 1490இல் விகிதம் தடம் மாறலாம். எனவே மூன்று அலைநீளங்களுக்கும் உத்தரவாதம் தரும் வகையையே கேளுங்கள். பின்னாளில் 1577, 1270 நானோமீட்டர்களில் இயங்கும், ஜிபானுக்கு அடுத்த தலைமுறையான எக்ஸ்ஜிஎஸ் பானுக்கு மாறும் எண்ணம் இருந்தால் அவற்றையும் சோதனைத் தாளில் தேடிப் பாருங்கள். இந்த வகையில் பிஎல்சி முறையில் செய்யப்பட்ட சமமற்ற ஸ்பிளிட்டர்கள் சீராக இருக்கும்.

சங்கிலிக்குள்ள இயல்பான குறையை மறைக்க முடியாது: மூன்றாவது பெட்டியில் ஃபைபர் அறுந்தால் அதற்குப் பின்னுள்ள அனைவருக்கும் இணைப்புப் போகும். இழப்பிலும் அது, ஒரே மையப் பெட்டியிலிருந்து எல்லாக் கிளைகளும் பிரியும் நட்சத்திர அமைப்பைவிட மோசம். ஒரே 1:32 பிஎல்சியில் சுமார் 17 டெசிபெலில் முடிந்துபோகும் பிரிப்புக்கு இங்கே அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறோம். ஃபைபரின் எண்ணிக்கை மிச்சமாவதற்கான விலை அது. சாலை மேலும் நீளும் என்று தெரிந்தால், எட்டாவது பெட்டியிலும் இப்போதே ஒரு 50/50 வைத்து, பயன்படாத காலை மூடியிட்டு விட்டுவிடலாம். அப்படிச் செய்வதாக இருந்தால் எட்டாவதன் தேவை 8.3லிருந்து 11.8 ஆக உயரும் என்பதால், புதிய பெட்டிகளையும் சேர்த்தே கணக்கை மீண்டும் கடைசியிலிருந்து தொடங்கி முன்பக்கத்து விகிதங்களைத் திருத்த வேண்டியிருக்கும்.