குருவிப் பெட்டி மாட்டியாச்சா? இனி வேடிக்கை பார்ப்பது எப்படி

மாட்டிய மறுநாளே சிட்டுக்குருவி குடிவந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள், சில சமயம் மாதக்கணக்கில்கூட இழுக்கும். வாசல் ஓட்டை 32 மில்லிமீட்டர் இருந்தால் போதும், ரொம்பப் பெரிதாக வெட்டினால் மைனா உரிமை கொண்டாட வந்துவிடும். வெயிலும் மழைச்சாரலும் நேராக அடிக்காத சுவர், பூனைக்கு எட்டாத உயரம். சீலிங் ஃபேன் சுற்றும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

முதலில் இடம் பிடிப்பது பெரும்பாலும் ஆண்தான், தொண்டையில் கறுப்புத் திட்டு இருக்கும். வாசலில் உட்கார்ந்து விடாமல் கத்தி ஜோடியைக் கூப்பிடும். அப்புறம் இரண்டும் வைக்கோல், தேங்காய் நார், கிழிந்த துணி என்று அகப்பட்டதையெல்லாம் அள்ளிவரும். நீளமான நாரைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு வந்து வாசலில் முட்டி, கீழே போட்டு, மறுபடி எடுத்து, ஒரு முனையை மாற்றிப் பிடித்து உள்ளே இழுக்கிறதே, அதைப் பார்க்கத்தான் இவ்வளவு காத்திருப்பும். இறகு, பஞ்சு என்று மெத்தென்ற சாமான்கள் வர ஆரம்பித்தால் கூடு முடியப்போகிறது என்று அர்த்தம்.

காலை நேரம்தான் நல்லது. ஜன்னலுக்குப் பின்னால் நின்று பாருங்கள், செல்போனை ஓட்டைக்குள் நீட்டாதீர்கள். உதவியே ஆகவேண்டும் என்றால் தேங்காய் நாரைக் குட்டையாக நறுக்கி வையுங்கள். நைலான் நூல் மட்டும் கூடாது, குஞ்சின் காலைச் சுற்றிக்கொள்ளும்.

முட்டையிட்டால் அடைகாப்பு சுமார் 10 முதல் 14 நாள். குஞ்சுகள் பறந்ததும் அவசரப்பட்டுப் பெட்டியைக் காலி செய்யாதீர்கள், அதே கூட்டில் அடுத்த ஈடு முட்டை வைக்கலாம்.