ஃபேஸ்லிஃப்ட் அறுவைக்கு முன்னும் பின்னும்

முகத் தோலின் தொய்வை நீக்கும் ஃபேஸ்லிஃப்ட் அறுவை சிகிச்சையில், காதின் முன்புறம் தொடங்கிப் பின்புறம் வளைந்து செல்லும் கீறல் வழியாக, தோலை மட்டுமன்றி அதன் அடியிலுள்ள தசைப்படலத்தையும் இழுத்துத் தைப்பார்கள். புகைபிடிப்பவர்கள் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். புகையால் இரத்த ஓட்டம் குறைந்தால் காதோரத் தோல் கருகிப்போகக்கூடும் என்பதால் இதில் சலுகையே கிடையாது.

முதல் 24 மணி நேரத்தில் ஒரு கன்னம் மட்டும் திடீரென இறுகி வீங்கி வலித்தால், அது தோலுக்கடியில் இரத்தம் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரை உடனே அழையுங்கள். இருபுறமும் வரும் வழக்கமான வீக்கம் 2, 3 நாள்களில் உச்சமடைந்து, பிறகு மெல்ல வடியும். தலையை உயர்த்தி மல்லாந்து படுப்பது அதற்கு உதவும். கண்ணாடியில் தெரியும் உப்பிய முகம் மனத்தைக் கலக்கும், ஆனால் அது முடிவான முகமன்று.

காதுமடலின் மரத்த உணர்வு சில மாதங்கள்கூட நீடிக்கலாம். அதுவரை ஹேர் ட்ரையரின் சூடு சுடுவதே தெரியாது என்பதால், குளிர்காற்றிலேயே தலையை உலர்த்துங்கள்.