ஊற்ற ஊற்ற வாடும் கற்றாழை

சென்ற மாதம் எங்கள் தெருக்கோடி வீட்டு மருமகள் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு மாடிக்கு வந்தார். ஆறு மாதங்களுக்கு முன் என் தாய்ச்செடியிலிருந்து நான் பிரித்துக் கொடுத்த சோற்றுக்கற்றாழைக் கன்று அதில் இருந்தது. "அக்கா, தெனமும் காலையில மறக்காம தண்ணி ஊத்தறனுங்க. ஊத்த ஊத்த வாடிட்டே போகுதுங்க" என்றார். கோபிசெட்டிபாளையத்தில் மாடித்தோட்டம் வைக்கத் தொடங்கிய காலத்தில் நானும் ஏறத்தாழ இதே சொற்களை ஒரு பெரியவரிடம் சொல்லி நின்றிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொட்டியின் அடியில் துளை வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும், கற்றாழை குறைந்த நீரிலும் வாழும் என்பவை எல்லோரும் அறிந்தவை. அவற்றை விரிக்கப் போவதில்லை. அவற்றை அறிந்தவர்களும் செய்கிற தவறுகளைப் பற்றியே இங்கே பேசுகிறேன்.

வாட்டத்தைத் தாகம் என்று எண்ணுவது

எத்தனையோ தவறுகளைப் பார்த்துவிட்டேன். இன்றுவரை என் மனம் பொறுக்காதது இது ஒன்றுதான். நீர் மிகுந்து வேர் அழுகிய கற்றாழையும் நீரின்றிக் காய்ந்த கற்றாழையும் சற்றுத் தொலைவிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் இலைகள் பொலிவிழந்து சாயும். வேருக்கு நீர் மட்டுமன்றிக் காற்றும் வேண்டும். மண்ணின் இடுக்குகளில் எந்நேரமும் நீரே நிறைந்திருந்தால் வேர் மூச்சு முட்டிச் சாகிறது; செத்த வேரில் பூஞ்சை ஏறுகிறது; அதன்பின் தொட்டி நிறைய ஈரம் இருந்தாலும் அதை உறிஞ்சி இலைக்கு அனுப்ப வேர் இல்லை. ஈரத்தின் நடுவிலேயே செடி வாடுகிறது. வளர்ப்பவர் அந்த வாட்டத்தை மட்டும் பார்த்து இரக்கப்பட்டு, இன்னும் ஒரு செம்பு ஊற்றுகிறார். எஞ்சியிருந்த நல்ல வேரும் அதில் போய்விடுகிறது.

நான் இப்படி ஒரே ஐப்பசியில் பதினொரு தொட்டிகளை இழந்தேன். பத்து நாட்கள் விட்டு விட்டுப் பெய்த மழையில் நனைந்த செடிகள், மழை ஓய்ந்து வெயில் வந்ததும் துவளத் தொடங்கின. வெயிலைத் தாங்கவில்லை என்று நினைத்து மூன்று நாட்கள் காலையும் மாலையும் நீர் வார்த்தேன். நான்காம் நாள் ஒரு செடியைத் தொட்டு நிமிர்த்தியபோது, கனிந்த வாழைப்பழத்தின் தோல் கழல்வதுபோல அடியிலை கையோடு வந்துவிட்டது. மண்ணைக் கவிழ்த்துப் பார்த்தேன். சாக்கடை நாற்றம் அடித்தது. வேரை இரு விரல்களால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோல உருவிக்கொண்டு வந்தது. உள்ளே நூல்போல ஓர் இழை மட்டும் மிஞ்சியிருந்தது. அந்தப் பதினொன்றில் ஏழு செடிகளை, ஊற்றாமல் விட்டிருந்தாலே காப்பாற்றியிருக்க முடியும் என்பதைப் பின்னால்தான் உணர்ந்தேன்.

ஆகவே ஊற்றுவதற்கு முன் தொட்டுப் பாருங்கள். தாகம் கொண்ட கற்றாழையின் இலை மெலிந்து, நெடுக்கில் மடிந்து, ஓரங்கள் உட்பக்கம் வளைந்து, மேல்பரப்பில் மெல்லிய சுருக்கம் காட்டும். ஆனால் அடித்தண்டு கெட்டியாக இருக்கும், செடி மண்ணை விட்டு அசையாது. அழுகல் கண்ட கற்றாழையின் இலை அடிப்பாகத்தில் நீர் கோத்ததுபோல் கண்ணாடித் தன்மையோடு பழுப்பேறி, அழுத்தினால் கொழகொழவென்று உள்வாங்கும். செடியைத் தொட்டாலே தொட்டிக்குள் ஆடும். முதல் வகைக்கு ஒரு முறை நன்றாக நீர் விட்டால் சில நாட்களில் இலை மீண்டும் தடித்துவிடும். இரண்டாம் வகைக்கு ஒரு சொட்டு நீரும் கூடாது.

தெருக்கோடி வீட்டுக் கன்று இரண்டாம் வகை. அதை அவர் கண்முன்னாலேயே பிடுங்கி, மண்ணை உதிர்த்து, பழுப்பேறிய வேர்களையெல்லாம் சுத்தமான கத்தியால் அறுத்து, வெள்ளையாகவும் உறுதியாகவும் இருந்த நான்கு வேர்களை மட்டும் விட்டுவைத்தோம். அழுகிய அடியிலைகளையும் நீக்கினோம். பிறகு ஐந்து நாட்கள் நிழலில், மண்ணே இல்லாமல், ஒரு பழைய செய்தித்தாளின் மேல் கிடத்தி வெட்டுவாய்களைக் காயவிட்டோம். காய்ந்த மண்ணில் நட்ட பிறகும் ஒரு வாரம் நீர் விட வேண்டாம் என்று சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த தவிப்பு எனக்குப் புரிந்தது. செடிக்கு நீர் ஊற்றாமல் இருப்பது, ஊற்றிப் பழகிய கைக்கு மிகவும் கடினமான வேலை.

தினமும் ஒரு டம்ளர்

நம் பக்கத்தில் திருஷ்டிக்காகக் கற்றாழையை வேரோடு பிடுங்கி வாசல் நிலைக்கு மேலே தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுகிறோம். மண் இல்லை, நீர் இல்லை. ஆனாலும் மாதக்கணக்கில் பசுமையாக இருக்கிறது. அந்த நிலையின் கீழே படியோரத்தில் வைத்த தொட்டிக் கற்றாழை, தினமும் நீர் குடித்து அழுகிப்போகிறது. இந்த இரண்டையும் ஒரே வாசலில் பார்த்திருக்கிறேன். கற்றாழை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, வெயில் தாழ்ந்த பின் இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிக்கொள்ளும் இனம். அதனால் அது இழக்கும் நீர் மிகக் குறைவு. ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் ஹோஸ் பிடிக்கும் அதே வரிசையில் கற்றாழைத் தொட்டியை வைத்தால், அதற்குத் தேவையில்லாத நீரும் தானாக விழுந்துவிடும். முதலில் அதைத் தனியே நகர்த்துங்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் தீங்கில்லை என்று நினைப்பதும் சரியன்று. ஒரு டம்ளர் நீர் மேல்மண்ணை மட்டும் நசநசவென்று வைத்திருக்கும்; அடியில் உள்ள வேர் வறண்டே கிடக்கும். ஊற்றும்போது அடித்துளை வழியே நீர் ஓடும்வரை ஊற்ற வேண்டும். அதன்பின் மண் முழுவதும் காயும்வரை மறந்துவிட வேண்டும். காய்ந்ததா என்று அறிய, ஒரு காய்ந்த ஈர்க்குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகிச் சற்றுப் பொறுத்து எடுங்கள். மண் ஒட்டாமல் வந்தால் ஊற்றலாம். சித்திரை வெயிலில் என் மாடியில் ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஒரு முறை போதுமாக இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓங்கி வீசும் கோவை, பல்லடம் பக்கங்களில் ஆனி, ஆடியிலும் மண் விரைவில் உலரும். மார்கழிப் பனியில் மூன்று வாரங்களுக்கும் விட்டிருக்கிறேன். நாளை எண்ணாதீர்கள்; குச்சியைப் பாருங்கள்.

நார்க்கழிவிலேயே விட்டுவைப்பது

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க்கழிவு மலிவாகக் கிடைப்பதால், நர்சரிகளில் விற்கும் கன்றுகள் பலவும் வெறும் நார்க்கழிவிலேயே நிற்கின்றன. அங்கே அது பொருந்தலாம். உங்கள் வீட்டில் அதே பையோடு விட்டுவைக்காதீர்கள். நார்க்கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். மேலே உலர்ந்து வெளுத்திருக்கும், உள்ளே பிழிந்தால் சொட்டும். ஒரேயடியாகக் காய்ந்துவிட்டாலோ நீரை ஏற்காமல் சுருங்கி, ஊற்றியதெல்லாம் தொட்டியின் ஓரமாகவே வழிந்து ஓடிவிடும். இரண்டு பங்கு செம்மண், இரண்டு பங்கு பருமணல், ஒரு பங்கு மக்கிய தொழு உரம் என்பது என் கலவை. ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்டைச் சலித்துத் தூசியை நீக்கிவிட்டுச் சேர்க்கலாம். கரிசல் மண் மட்டும் வேண்டாம்.

தட்டில் தேங்கிய நீர்

அரை மணி நேரத்துக்குள் கொட்டிவிடுங்கள்.

இலைமேல் தெளிப்பது

கூடாது. குருத்தின் இடுக்கில் நீர் நின்றால் அழுகல் மேலிருந்து தொடங்கும்.

போர் தண்ணீரை மட்டுமே நம்புவது

மண் தொட்டியின் வெளிப்பக்கத்தில் வெள்ளைப் பூச்சாகப் படிவது நீரில் உள்ள உப்பு. அதே உப்பு உள்ளே வேரைச் சுற்றியும் சேர்கிறது. இலை நுனி காய்ந்து பழுப்பேறுவதற்கு இதுவும் ஒரு காரணம். போர் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லாதவர்கள், இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை, பிடித்துவைத்த மழைநீரையோ குழாயில் வரும் ஆற்று நீரையோ தாராளமாக ஊற்றி, உப்பு அடித்துளை வழியாகக் கரைந்தோட விட வேண்டும்.

மழையில் விட்டுவைப்பது

நமக்கு மழை நின்று பெய்வது ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். ஒரு நாள் மழை கற்றாழைக்கு நன்மையே செய்யும். தொடர்ந்து ஒரு வாரம் நனைந்தால் எவ்வளவு நல்ல மண்ணும் அதைக் காக்காது. அந்தப் பதினொரு தொட்டிகளுக்குப் பிறகு, புரட்டாசி முடிவதற்குள் என் கற்றாழைகள் அனைத்தையும் தாழ்வாரத்தின் கிழக்குச் சுவரோரம் இறக்கிவிடுகிறேன். காலை வெயில் அங்கே விழும், சாரல் எட்டாது. தை பிறந்துதான் மீண்டும் மாடியேற்றுகிறேன். தெருக்கோடி வீட்டுக் கன்றும் இந்த ஆண்டு அந்தச் சுவரோரத்தில்தான் இருக்கும். அதற்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.