காற்றுக்கு மட்டும் கயிறு கட்டுகிறோம்: ஐராவதிக் கழிமுகக் கிராமங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புயல் வருகிறது என்றதும் மியன்மாரில் (பர்மாவில்) எங்கள் பக்கத்துக் கிராமங்களில் முதலில் தேடப்படுவது கயிறு. கூரையை இழுத்துக் கட்டுவார்கள், முற்றத்து மரத்தின் கிளையை வெட்டுவார்கள், படகைக் கரையேற்றுவார்கள். இவை அனைத்தும் காற்றுக்கான ஏற்பாடுகள். 2008 மே 2 அன்று ஐராவதிக் கழிமுகத்தில் கரையேறிய நர்கிஸ் புயலில் இறந்தோரும் காணாமற்போனோருமாக 1,38,000-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தோம். அவர்களுள் பெரும்பாலோர் தண்ணீரில் மாண்டவர்கள். சுமார் 12 அடி உயரத்திற்கு எழுந்த கடல், ஆற்று வாய்களின் வழியே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் உள்நாடு வரை புகுந்தது. லபுட்டா, போகலே போன்ற வட்டாரங்களில் ஏறி நிற்க ஒரு மேடு கூட அரிது என்பதை நினைத்தால் அந்த எண்ணிக்கையின் காரணம் விளங்கும். கயிறு கட்டுவது வீண்வேலை என்று சொல்லவில்லை. அதோடு நின்றுவிடுவதே தவறு. கோயில் சுவரிலும் பள்ளிச் சுவரிலும் 12 அடி உயரத்தில் ஒரு கோடு போட்டுவையுங்கள். தன் வீட்டுக் கூரை அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதைக் கண்ணால் காண்பவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இரண்டாவது தவறு, பழைய அனுபவத்தை அளவுக்கு மீறி நம்புவது. வங்கக் கடலின் புயல்கள் நாட்டின் மேற்கிலுள்ள அரக்கான் (ராக்கைன்) கரைக்குத்தான் போகும் என்பது கழிமுகத்துப் பெரியவர்களின் நெடுநாள் கணக்கு. அதில் உண்மை இல்லாமல் இல்லை: 2006-இல் மாலா, 2010-இல் கிரி, 2023-இல் மோக்கா ஆகிய மூன்றும் அரக்கானைத்தான் தாக்கின. ஆனால் நர்கிஸ், தொடக்கத்தில் வடமேற்கே போகும் என்று கணிக்கப்பட்டிருந்தும், பிறகு கிழக்கே திரும்பிவிட்டது.

நம் நாட்டு வானிலைத் துறை புயல் செய்தியை நிறங்களால் சொல்கிறது. மஞ்சள் என்றால் புயல் உருவாகியிருக்கிறது, ஆனால் நம் கரையை நோக்கி வரவில்லை. ஆரஞ்சு என்றால் நம் கரையை நோக்கி வருகிறது. சிவப்பு என்றால் 12 மணி நேரத்திற்குள் கரையைத் தொடும். பழுப்பு என்றால் கரையைக் கடந்துகொண்டிருக்கிறது. பச்சை என்றால் வலுவிழந்துவிட்டது. பலரும் சிவப்பு வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். நகரத்திற்குப் போக மோட்டார்ப் படகில் அரைநாள் ஆகும் ஊருக்கு, அதுவும் நீரோட்டம் எதிர்த்து நிற்கும் வேளையில், 12 மணி நேரம் என்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. எனவே முதியோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தையுள்ளவர்கள் ஆகியோர் ஆரஞ்சு நிறத்திலேயே புறப்பட வேண்டும் என்பதை ஊர்க்கூட்டத்தில் முன்கூட்டியே முடிவுசெய்து எழுதிவைப்பது நல்லது. புயல் திரும்பிப் போய்விட்டால் வீண் அலைச்சல்தானே என்று சிலர் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

செய்தி வானொலியில் வந்துவிட்டால் ஊருக்கே தெரிந்துவிட்டதாகக் கருதுவதும் பிழை. ரங்கூனுக்கு ஆற்றின் அக்கரையில் உள்ள சிரியம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பேரப்பிள்ளைகள் பர்மிய மொழியில் படிக்கிறார்கள். வீட்டில் இருக்கும் பாட்டிக்கோ அறிவிப்பின் பர்மிய நடை முழுமையாகப் பிடிபடுவதில்லை. பத்து வீட்டுக்கு ஒருவர் என்று பொறுப்பு கொடுத்து, அவர் நேரில் போய்த் தமிழில் சொல்லிவிட்டு வர வேண்டும். கோயில் ஒலிபெருக்கி உதவும். ஆனால் அது மின்சாரம் போனபின்னும் பேட்டரியில் ஓடுமா என்று திருவிழாவுக்கு முன் சோதிப்பது போலவே புயல் காலத்துக்கு முன்பும் சோதிக்க வேண்டும்.

இனி, நான் மிகவும் கவலைப்படும் தவறு. நர்கிஸுக்குப் பிறகு கழிமுகத்தில் பள்ளிக்கூடமாகவும் பயன்படும் புயல் காப்பிடங்கள் பல கட்டப்பட்டன. நம் நாட்டில் பள்ளிகள் ஜூன் மாதம் திறக்கின்றன; மார்ச் முதல் மே வரை விடுமுறை. பருவமழைக்கு முந்தைய புயல்கள் வருவது ஏப்ரல், மே மாதங்களில். அதாவது காப்பிடம் தேவைப்படும் நாள்களில் அது பூட்டிக்கிடக்கும். சாவி வைத்திருக்கும் ஆசிரியரோ விடுமுறைக்குச் சொந்த ஊர் போயிருப்பார். சாவி ஒருவரிடம் மட்டும் இருப்பது பெருந்தவறு. மூன்று வீடுகளில் மூன்று சாவிகள் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்றாவது ஒரு பெண்ணின் கையில் இருக்கட்டும். நர்கிஸில் இறந்தவர்களுள் ஆண்களைவிடப் பெண்களே மிகுதி. இருந்தும் பேரிடர்க் குழுக்களில் ஆண்களின் பெயர்களே நிரம்பியிருக்கின்றன. எந்த வீட்டில் யார் நடக்க முடியாதவர், யாருக்குப் பிரசவ நாள் நெருங்கியிருக்கிறது என்பது பெண்களுக்குத்தான் தெரியும். கழிப்பிடம் இல்லாத காப்பிடத்துக்கு அவர்கள் கடைசி நேரம் வரை வரத் தயங்குவார்கள் என்பதையும் குழுவில் பெண் இருந்தால் எடுத்துச் சொல்லியிருப்பார்.

அலையாத்திக் காட்டை விறகுக்கும் இறால் பண்ணைக்கும் வெட்டிவிட்டு அலையைப் பழிப்பதைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. புயலின் கண் கடக்கும்போது வரும் அமைதியை நம்பி வெளியே இறங்குவதும் அப்படியே. சிறிது நேரத்தில் காற்று எதிர்த்திசையிலிருந்து வரும்.

புயலுக்குப் பிந்திய நாள்களைக் கணக்கில் எடுக்காமல் விடுவது அடுத்த குறை. கழிமுகத்தில் கோடையில் குடிப்பது குளத்து நீர். கடல்நீர் புகுந்த குளம் பல மழை பெய்து கழுவும்வரை குடிக்க உதவாது. ஆகவே ஆரஞ்சு அறிவிப்பு வந்தவுடன் மண்சாடிகளை நிரப்பி, வாயைப் பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்டி, கழுத்தளவு மண்ணில் புதைத்துவைக்கலாம். விதைநெல்லில் ஒரு பங்கை உயரமான கட்டடத்திற்கு மாற்றலாம். அடையாள அட்டையையும் குடும்பப் பதிவுத் தாளையும் நீர்புகாத உறையில் இட்டு இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். 1982-ஆம் ஆண்டு மியன்மார்க் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் நம் தமிழருக்கு அந்தத் தாள்களை மறுபடி வாங்குவது எளிதான காரியம் அன்று.

கடைசியாக ஒத்திகை. பெரும்பாலும் அது பகலில், வெயிலில், விருந்தினர் முன்னிலையில் நடக்கிறது. நர்கிஸ் இரவெல்லாம் அடித்தது. மார்ச் மாதத்தில் ஓர் இரவு, நீர் ஏறியிருக்கும் வேளையில், விளக்கில்லாமல் கடைக்கோடி வீட்டுக் கிழவியைத் தூக்கிக்கொண்டு காப்பிடம் வரை நடந்து பாருங்கள். எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதைச் சுண்ணாம்பால் அந்தக் காப்பிடத்தின் கதவிலேயே எழுதிவையுங்கள்.