மெக்சிகோ சிட்டியில் எட்டு மணி நேரம் கிடைத்தால்

வேலை விஷயமாக ஹூஸ்டனிலிருந்து லிமாவுக்கு வருடத்தில் இரண்டு மூன்று முறை போகிறேன். பெரும்பாலும் மெக்சிகோ சிட்டியில் விமானம் மாற வேண்டியிருக்கும். முதல் தடவை கிடைத்த எட்டு மணி நேரத்தையும் சார்ஜர் செருகும் இடத்துக்குப் பக்கத்து நாற்காலியிலேயே கழித்தேன். அந்த எட்டு மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை. ஊரின் பழைய மையம் அங்கிருந்து ஒரு பஸ் தூரம்தான்.

முதலில் நேரக் கணக்கு. இறங்கி, குடியேற்றச் சோதனை முடித்து வெளியே வர ஒரு மணி நேரம் வையுங்கள். போக ஒரு மணி, திரும்ப ஒரு மணி. அடுத்த விமானத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் வந்து சேர வேண்டும். எட்டில் ஐந்தரை போனால் மிச்சம் இரண்டரை. அது போதும். இடைவெளியே ஆறு மணிதான் என்றால் உள்ளேயே இருந்துவிடுங்கள். இரண்டாவது விமானம் எந்த நிலையத்திலிருந்து கிளம்புகிறது என்பதையும் பாருங்கள். ஊருக்குள் இருக்கும் பெனிட்டோ ஹுவாரெஸ் விமான நிலையம் தவிர, 2022இல் திறந்த ஃபெலிப்பே ஆன்ஹெலெஸ் நிலையம் ஊருக்கு வெளியே வடக்கில் இருக்கிறது. அங்கே மாற வேண்டுமென்றால் உங்கள் நேரமெல்லாம் அதிலேயே போய்விடும்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு மெக்சிகோ விசா வேண்டும். ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, பிரிட்டன், ஜப்பான் அல்லது ஷெங்கன் விசா இருந்தால் அதுவே போதும். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவின் தேதி முடிந்துவிட்டதா என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து வேறு வெளிநாட்டுக்குப் போகிறவர்களும் இங்கே குடியேற்றச் சோதனையைக் கடந்துதான் ஆக வேண்டும். ஆகவே ஊருக்குள் போகாதவர்களுக்கும் இது பொருந்தும்.

கைப்பெட்டியை நிலையத்திலேயே காசு கொடுத்து வைத்துவிடலாம். ஏடிஎம்மில் கொஞ்சம் பெசோ எடுத்துக்கொள்ளுங்கள். டாலர் குறியைத்தான் பெசோவுக்கும் போடுவார்கள், விலைப்பலகையைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ஊருக்குள் போக எனக்குப் பிடித்த வழி மெட்ரோபுஸ் என்ற நகர பஸ்ஸின் 4ஆம் தடம். இரண்டு டெர்மினலிலும் நிற்கும், பெட்டி வைக்க இடம் இருக்கும், கட்டணம் 30 பெசோ. நிறுத்தத்தில் உள்ள இயந்திரத்தில் கார்டு வாங்கிப் பணம் ஏற்ற வேண்டும். மெட்ரோ வெறும் 5 பெசோதான். ஆனால் மாறி மாறி ஏற வேண்டும், கூட்டமும் அதிகம். குறைந்த நேரத்தில் அந்தப் பாடு வேண்டாம். டாக்சி என்றால் நிலையத்துக்குள் இருக்கும் கவுண்டரில் முன்பணம் கட்டி ஏறுங்கள், தெருவில் கைகாட்டி ஏறாதீர்கள்.

ஒரே ஒரு தெருவை மட்டும் பாருங்கள். இதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். பிரமிடு, மிதக்கும் தோட்டம், ஓவியர் ஃபிரிடா காலோவின் வீடு எல்லாம் தனிப் பயணத்துக்கு. பெல்லாஸ் ஆர்ட்டெஸ் நிறுத்தத்தில் இறங்கினால் 1934இல் கட்டி முடித்த பளிங்கு மாளிகை முன்னால் நிற்பீர்கள். எதிரே சியர்ஸ் கடையின் 8ஆம் மாடியில் ஒரு காப்பிக் கடை உண்டு. அங்கிருந்து மாளிகையின் மஞ்சள், ஆரஞ்சு கூரையைப் பார்த்துவிட்டு, மதேரோ தெருவுக்குள் நுழையுங்கள். நடப்பவர்களுக்கு மட்டுமான தெரு. தொடக்கத்திலேயே நீலமும் வெள்ளையுமாக ஓடு பதித்த பழைய மாளிகை வரும். காக்கி உடுப்பில், கைப்பிடியைச் சுற்றினால் பாட்டு வரும் ஆர்கன் பெட்டியை இசைக்கிறவர்கள் தொப்பியை நீட்டுவார்கள். சில்லறை கொடுங்கள்.

மெதுவாக நடங்கள். இந்த ஊர் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரம். வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும். மே முதல் அக்டோபர் வரை மத்தியானத்துக்கு மேல் மழை வரும், குடை வேண்டும்.

கால் மணி நேரத்தில் தெரு சோகலோ சதுக்கத்தில் முடியும். இங்கேதான் நான் ஒவ்வொரு முறையும் அதிக நேரம் நிற்கிறேன். அஸ்டெக்குகள் ஏரி நடுவே கட்டிய டெனோச்டிட்லான் நகரத்தை 1521இல் ஸ்பானியர்கள் பிடித்து, கோயிலை இடித்து, அந்தக் கல்லையே எடுத்துத் தங்கள் நகரத்தைக் கட்டினார்கள். ஏரி மண் இன்னும் அமுங்கிக்கொண்டே இருக்கிறது. பேராலயத்துக்குள் போய், குவிமாடத்திலிருந்து தொங்கும் தூக்குக்குண்டைத் தேடுங்கள். கட்டடம் எந்தப் பக்கம் சாய்ந்தது, எவ்வளவு நிமிர்த்தினார்கள் என்பதைத் தரையில் குறித்திருக்கிறார்கள். வெளியே வந்து இடப்பக்கம் திரும்பிச் சுவர் ஓரமாகப் போனால், இடிக்கப்பட்ட அந்தக் கோயிலின், டெம்ப்ளோ மயோரின் இடிபாடுகள். 1978இல் மின்சார ஊழியர்கள் பள்ளம் தோண்டும்போது கொயோல்ஷௌகி தெய்வம் செதுக்கிய பெரிய வட்டக்கல் கிடைத்தது, அகழாய்வு அப்படித்தான் தொடங்கியது. அருங்காட்சியகம் திங்கட்கிழமை கிடையாது. நேரம் இல்லையென்றால் வெளியிலிருந்தே இடிபாடுகளைப் பார்க்கலாம்.

அப்புறம் சாப்பாடு. பக்கத்துச் சந்துகளில் பெண்கள் கொமால் என்ற கல்லில், நம் தோசைக்கல் மாதிரியே, மக்காச்சோள மாவைத் தட்டிச் சுடுவார்கள். பூசணிப்பூ வைத்து மடித்த ரொட்டியான கேசாடியா கேளுங்கள். இந்த ஊரில் மட்டும் ‘கோன் கேசோ’ (சீஸோடு) என்று சொன்னால்தான் சீஸ் வைப்பார்கள்! அவரை மசியல் அடைத்த த்லகோயோ என்ற நீல நிற ரொட்டியின் மேல் சப்பாத்திக்கள்ளித் துண்டு போட்டுத் தருவார்கள். புளிப்பும் கொழகொழப்புமாக, வெண்டைக்காய் பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். சைவர்கள் ‘கார்னே (இறைச்சி) வேண்டாம்’ என்பதோடு நிறுத்தாமல், ‘நி பொயோ’ என்று கோழியையும் விலக்கிச் சொல்லுங்கள். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், ‘மான்தேகா?’ என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், பாட்டில் வாங்குங்கள்.

திரும்பும் நேரத்தை போனில் அலாரமாக வைத்துவிட்டு அதை மதியுங்கள். சாயங்காலம் 5 மணிக்கு மேல் நெரிசல் கடுமை. சோகலோவில் ஊர்வலம் நடந்தால் மெட்ரோபுஸ் தடம் மாறும். இருபது நிமிடம் நின்றும் பஸ் வரவில்லையென்றால் செயலியில் கார் கூப்பிட்டுவிடுங்கள். ஏறியதும் ஓட்டுநரிடம் முதல் டெர்மினலா இரண்டாவதா என்று சொல்லுங்கள்: இரண்டும் ஓடுபாதையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன.