முகத்தை மங்கலாக்கினால் மட்டும் போதாது

கொங்குப் பகுதியில் தீண்டாமையை ஆவணப்படமாக எடுக்கப் புதியவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். வரட்டும், வர வேண்டும். ஆனால் முன்பு எடுத்தவர்கள் செய்த அதே தவறுகளையே இவர்களும் செய்கிறார்கள். மைக், பேட்டரி, வெளிச்சம் எல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அவை இங்கே வேண்டாம்.

பேசியவரைக் காட்டிக்கொடுப்பது

பொறுத்துக்கொள்ளவே முடியாத தவறு இதுதான். தோட்டத்தில் தனக்கு மட்டும் கையில்தான் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று காலனியில் ஒரு அம்மா சொல்கிறார். எடிட்டிங்கில் அவர் முகத்தை மங்கலாக்கி, குரலின் சுருதியைக் குறைத்துவிட்டு, மறைத்தாயிற்று என்று நம்புகிறார்கள். உள்ளூர்க்காரருக்கு அந்தச் சேலை, திண்ணை, வாசலில் நிற்கும் மொபெட் போதும், ஆளைச் சொல்லிவிடுவார். தலையைச் சட்டெனத் திருப்பும்போது மங்கல் விலகி ஓரிரு ஃபிரேமில் முகம் தெரியும். குறைத்த சுருதியை மறுபடி ஏற்றிக் கேட்கவும் முடியும். மறுநாளே தோட்டத்து வேலை போகும். மகன் தறி ஓட்டினால் முதலாளி அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார்.

மறைக்கும் வேலை படப்பிடிப்பிலேயே தொடங்க வேண்டும். அவர் வீட்டில் எடுக்காதீர்கள். வேறு ஊரில் ஓர் அறையில், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து நிழலுருவமாக எடுங்கள். சொன்னதை எழுத்தாக்கி வேறொருவர் குரலில் பதியுங்கள். முடிந்த படத்தைப் போட்டுக் காட்டி இரண்டாம் முறை சம்மதம் கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பகுதியைப் படத்திலிருந்து நீக்கிவிடுங்கள், கெஞ்சாதீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016இல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவு, சாட்சியின் பெயரையும் முகவரியையும் தீர்ப்பில்கூட மறைக்க வழி செய்கிறது. படம் அதைவிடக் கவனமாக இருக்க வேண்டாமா?

டம்ளரை மட்டும் காட்டுவது

தலித்துகளுக்குத் தனி டம்ளர் இருந்த டீக்கடைகளில் பேப்பர் கப் வந்திருக்கிறது. கப்பை மட்டும் க்ளோசப்பில் காட்டினால் பார்சல் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். யாருக்குக் கண்ணாடி டம்ளர், யாருக்குக் கப், யார் பெஞ்சில், யார் வெளியே என்பதெல்லாம் வெட்டாத ஒரே ஷாட்டில் தெரிய வேண்டும். சத்தத்தையும் விடாதீர்கள். அறுபது வயதுக்காரர் பள்ளிக்கூடப் பையனை ‘சாமி’ என்கிறார். பையன் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். அதற்கு மேல் வர்ணனை எதற்கு?

சோக இசை

வேண்டாம்.

ஒரிஜினல் கோப்பை அழிப்பது

சாதி ஆணவத்தால் கொல்லப்பட்ட தலித் இளைஞர் கோகுல்ராஜின் வழக்கில் திருச்செங்கோடு கோயில் சிசிடிவி பதிவு முக்கியச் சான்றானது. உங்கள் பதிவும் நீதிமன்றம் போகலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுச் சான்றிதழில் கோப்பின் ஹேஷ் மதிப்பு, அதாவது கோப்பில் துளி மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடு, கேட்கப்படுகிறது. எடுத்த அன்றே கணக்கிட்டு எழுதி வையுங்கள். வாட்ஸ்ஆப் வீடியோவாக அனுப்பினால் கோப்பு சுருங்கி ஹேஷ் மாறிவிடும், மறைக்காத முகமும் பரவும். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, இரண்டு இடத்தில் பூட்டி வைத்த பிறகே மெமரி கார்டைத் துடையுங்கள்.