அக்கவுண்டிங் டைம்அவுட்டில் கை வைப்பதற்கு முன்

இன்டர்நெட் வாடிக்கையாளர் எப்போது இணைந்தார், எப்போது விலகினார் என்ற கணக்கை (அக்கவுண்டிங்) ஐஎஸ்பியின் ரூட்டர் ரேடியஸ் சர்வருக்கு அனுப்பும்: தொடங்கும்போது ஸ்டார்ட் பாக்கெட், முடியும்போது ஸ்டாப் பாக்கெட். ஸ்டாப் பாக்கெட் வரவில்லை, பில் இடிக்கிறது என்று புகார் வந்ததும் பலர் நேராக டைம்அவுட்டைத்தான், அதாவது ரூட்டர் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைத்தான், ஏற்றுவார்கள். அதற்கு முன் ரேடியஸ் சர்வரில் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பதியும் டிசிபிடம்ப் கருவியை ஓடவிட்டு, அக்கவுண்டிங் வரும் 1813 போர்ட்டைப் பிடியுங்கள். ஏரியாவில் கரண்ட் போய்த் திரும்பும் நேரமாகப் பார்த்துப் பிடித்தால் இன்னும் நல்லது. எல்லா வீட்டு ரூட்டரும் ஒன்றாக லாகின் ஆகி, ஸ்டார்ட் பாக்கெட்டுகள் கொத்தாக வந்து விழும். ஃபைலை வயர்ஷார்க்கில் (பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் மென்பொருள்) திறந்தால், பதில் வர எவ்வளவு நேரம் ஆனது என்பது ஒவ்வொரு ரெஸ்பான்ஸிலும் இருக்கும்.

சிஸ்கோ ரூட்டர்களின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில் டைம்அவுட் 5 விநாடி, மறுமுயற்சி 3, இது டீஃபால்ட். உங்கள் சர்வர் நெரிசலில் 6 விநாடி எடுத்தால், முதல் பாக்கெட்டையே அது இன்னும் எழுதிக்கொண்டிருக்கும்போது அதன் இரண்டாவது நகலும் வந்து நிற்கும். சுமை ஏற ஏறப் பதில் இன்னும் தாமதமாகும்.

பெரும்பாலும் குற்றவாளி டேட்டாபேஸ்தான். கணக்கைப் பதிந்த பிறகே பதில் அனுப்ப வேண்டும் என்பது ரேடியஸ் அக்கவுண்டிங்குக்கான தர ஆவணமான ஆர்எஃப்சி 2866 சொல்லும் விதி. டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் திணறினால் ரேடியஸ் சர்வர் மென்பொருளான ஃப்ரீரேடியஸும் காத்திருக்கும். அதிலேயே 'பஃபர்டு எஸ்க்யூஎல்' என்று ஒரு தயார் கான்ஃபிக் இருக்கிறது: பாக்கெட்டை முதலில் டீட்டெயில் ஃபைல் என்ற சாதாரண ஃபைலில் எழுதிப் பதில் கொடுத்துவிடும், டேபிளுக்கு அப்புறம் நிதானமாக ஏற்றும். பாதி இடங்களில் வேலை இதோடு முடிந்துவிடும்.

இதற்குப் பிறகும் தேவைப்பட்டால் எண்களுக்கு வாருங்கள். லாகினுக்கும் அக்கவுண்டிங்குக்கும் ஒரே அளவு வைக்காதீர்கள். லாகினில் வாடிக்கையாளர் காத்திருக்கிறார், அங்கே 3 விநாடி, 2 மறுமுயற்சி போதும். அக்கவுண்டிங்குக்காக யாரும் காத்திருப்பதில்லை. அதற்குத் தனி சர்வர் என்ட்ரி போட்டு 8 அல்லது 10 விநாடி, 5 மறுமுயற்சி என்று நான் வைப்பேன். இரண்டு சர்வர் இருந்தால் டெட்டைமும் (பதில் தராத சர்வரை எவ்வளவு நேரம் ஒதுக்கிவைப்பது என்ற அளவு) போடுங்கள். டீஃபால்ட் பூஜ்யம் என்பதால், செத்த சர்வரையே ஒவ்வொரு பாக்கெட்டும் முதலில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும்.

மறுமுயற்சியை ஏற்றும்போது இரட்டைப் பதிவு வரலாம். திரும்ப அனுப்பும்போது அக்கவுண்டிங் டிலே டைம் (எவ்வளவு நேரமாக அனுப்ப முயல்கிறது என்ற எண்) மாறினால் பாக்கெட்டின் ஐடென்டிஃபையரும் (அடையாள எண்) மாறும். அது பழைய பாக்கெட்தான் என்று சர்வருக்குத் தெரியாது. கணக்கு பதியும் ரேட்அக்கவுண்ட் டேபிளில், செஷனை அடையாளம் காட்டும் அக்ட்-யுனிக்-ஐடிக்கு யுனிக் கீ (ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுப்பது) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிலர் வேகத்துக்காக அதைத் தூக்கிவிட்டிருப்பார்கள்!

இணைப்பு நடக்கும்போதே அவ்வப்போது வரும் இன்டரிம் அப்டேட் பாக்கெட்டுகளையும் கவனியுங்கள். 3000 பேருக்கு 5 நிமிடத்துக்கு ஒன்று என்றால் விநாடிக்கு 10 பாக்கெட். 15 நிமிடமாக்கினால் 3 சொச்சம்தான். 10 நிமிடத்துக்குக் குறையாமல் வைக்கச் சொல்கிறது ஆர்எஃப்சி 2869.

சரி, கடைசியில் சோதனை. கூட்டம் குறைந்த நேரத்தில் மைஎஸ்க்யூஎல்லை நிறுத்துங்கள், ஒரு டெஸ்ட் யூசரை டிஸ்கனெக்ட் செய்யுங்கள், ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஓடவிடுங்கள். அந்த செஷனுக்கு ஒரே ஒரு வரியும், அதில் டிஸ்கனெக்ட் ஆன நேரமே ஸ்டாப் நேரமாகவும் இருக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் திரும்பி வந்த நேரம் இருந்தால், பாக்கெட்டில் உள்ள ஈவென்ட் டைம்ஸ்டாம்பை (நிகழ்வு நடந்த நேரம்) சர்வர் எடுத்துக்கொள்ளவில்லை என்று பொருள்.